கம்பெனியா, ப்ராஜெக்டா, வெளிநாடா? மரநோயைச் சாட்டிலைட்டில் தேட விரும்புகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கிண்டியில் ரிமோட் சென்சிங் (சாட்டிலைட், விமானப் படங்களை வைத்துத் தரையை ஆராய்வது) மேல்படிப்பு முடிக்கப்போகிறாள். கையில் மூன்று வழி இருக்கிறது. சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு ஜிஐஎஸ் கம்பெனி, அதாவது கணினியில் வரைபடத் தரவு தயாரிக்கும் கம்பெனி, அவளை எடுத்துக்கொள்ளத் தயார். சென்னையிலேயே ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளர் இடம் இருக்கிறது. மரங்களுக்கு வரும் நோயை வரைபடமாக்கும் வேலை. மூன்றாவது, அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் காட்டு மரநோய் பற்றி முனைவர் பட்டம் செய்ய விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். "அக்கா, நீயா இருந்தா எதுக்குப் போவ?" என்று கேட்டாள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க நாலு மணி ஆகிவிட்டது.

அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. இதே கேள்வியோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். நான் ஐந்து வருடம் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு மரநோய் ஆய்வுக்கு வந்தவள். வெளிநாடு போகவில்லை. கூடப் படித்த இருவர் போய் இதே துறையில் இருக்கிறார்கள், அவர்களோடு அடிக்கடி பேசுகிறேன்.

படத்தில் நோய் தெரியாது

எதற்குப் போவது என்று பார்ப்பதற்கு முன் வேலை என்னவென்று தெரிய வேண்டும். சாட்டிலைட் படத்தைத் திறந்தால் நோய் பிடித்த மரமெல்லாம் தனியாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். படத்தில் தெரிவது இலையின் நிலை மட்டும்தான். நல்ல இலை சிவப்பு ஒளியை விழுங்கிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை அள்ளித் திருப்பி அனுப்பும். பச்சையமும் ஈரமும் குறைந்த இலையில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்கு ஏறுகிற அந்த விளிம்பை ரெட் எட்ஜ் என்கிறோம். மரம் நலிந்தால் அது குறைந்த அலைநீளத்தின் பக்கம் நகரும். சென்டினல்-2 என்ற ஐரோப்பிய சாட்டிலைட் இந்த விளிம்பை அளக்கிறது. படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கும்.

ஆனால் அதன் பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் 10 மீட்டர். ரெட் எட்ஜை அளக்கும் அலைப்பட்டைகளில் 20 மீட்டர். நன்றாக வளர்ந்த ஒரு வேம்பின் தழைப்பரப்பே எட்டு, பத்து மீட்டர்தான் இருக்கும். ஆகவே ஒரு பிக்சலுக்குள் ஒரு வேம்பு, ஒரு காம்பவுண்டு சுவர், கொஞ்சம் தார் ரோடு எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வரும். அந்த எண் இறங்கினால் மரத்துக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். என்ன ஆனது என்பது அதில் இல்லை. தண்ணீர் இல்லாமல் வாடியிருக்கலாம், ஆட்டுக்குத் தழை ஒடித்திருக்கலாம், வேரைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருக்கலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபின் எடுத்த படத்தைப் பார்த்தால் சென்னை மரங்களுக்கெல்லாம் கொள்ளைநோய் வந்ததுபோல இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பில். 2021இல் தெலங்கானாவில் வேப்பமரங்கள் கூட்டங்கூட்டமாகக் கருகின. நுனிக்கருகல் நோய், காரணம் ஃபோமாப்சிஸ் அசாடிரக்டே என்ற பூஞ்சை. கம்பெனி வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து, செங்கல்பட்டு மாவட்டத்தில் இது எங்கெல்லாம் இருக்கிறது என்று நானாக ஒரு வரைபடம் செய்தேன். ஜனவரிப் படத்தையும் பிப்ரவரி கடைசிப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான இடங்களில் கடும் பாதிப்பு என்று வந்தது. பயந்துபோய் நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன். சித்திரை பிறக்கிற நேரத்தில் திருக்கழுக்குன்றம் பக்கம் போய் அந்த மரங்களைப் பார்த்தால், துளிரும் பூவுமாக நிற்கின்றன. ஒரு வீட்டு வாசலில் புத்தாண்டுப் பச்சடிக்குப் பூ சேர்க்கத் துணி விரித்துவைத்திருந்தார்கள். மாசியில் வேம்பு இலை கொட்டும் என்பது எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் வாசல் கூட்டிக் கூட்டி அலுத்தவள் நான். திரை முன்னால் உட்கார்ந்தபோது அது நினைவுக்கே வரவில்லை. நாலு பேருக்கும் திருத்தம் எழுதினேன். அந்த வருடமே கம்பெனியை விட்டேன்.

அதனால் தங்கச்சியிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசும் முன் மூன்று கேள்வி கேட்டேன். அந்த வேலையில் வருடத்துக்கு எத்தனை நாள் மரத்தடியில் நிற்பாய்? இது நோயா, பூச்சியா, வறட்சியா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் யாராவது உன் பக்கத்தில் இருப்பாரா? இந்த வருடம் பார்த்த அதே மரத்தை அடுத்த வருடமும் போய்ப் பார்க்க முடியுமா? மரநோய் ஆய்வில் நல்ல பெயர் எடுத்தவர்கள் எல்லோரும் இந்த மூன்றும் அமைந்தவர்கள்தான் என்று நான் நம்புகிறேன். மென்பொருளை எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் இலவசம், சாட்டிலைட் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சின் ஆய்வுக்கு இலவசம். மரத்தடி மட்டும் எல்லா இடத்திலும் கிடைக்காது.

கம்பெனி

பெருங்குடி, தரமணி, சோழிங்கநல்லூர் பக்கம் இருக்கிற ஜிஐஎஸ் கம்பெனிகளில் பெரும்பாலான வேலை வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத்தான். மின்கம்பி அருகே வளர்ந்த மரங்களைக் கண்டுபிடிப்பது, சாலை, கட்டடம், நில எல்லை வரைவது, விமானத்திலிருந்து லேசர் வைத்து அளந்த லைடார் புள்ளிகளை வகை பிரிப்பது. நான் சேர்ந்தபோது கைக்கு 16,000 ரூபாய் வந்தது. ஐந்தாவது வருடம் அது மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. மாதம் தவறாமல் வரும், பிஎஃப் உண்டு, அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு உண்டு. என் தம்பி படிப்பு முடிந்தது அந்தச் சம்பளத்தில். அந்த நன்றி எனக்கு எப்போதும் இருக்கும்.

கற்றுக்கொண்டதும் குறைவில்லை. ஒரு கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது, எந்தத் தரவில் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலை முறை மாறியது என்று எழுதிவைப்பது, பைத்தான் நிரல் எழுதுவது, இன்னொருவர் வேலையைச் சரிபார்ப்பது, சொன்ன தேதியில் கொடுப்பது. ஆய்வுக்கு வந்தபின் என் கையில் இருந்த பலம் இதுதான். களத்தில் 400 மரத்துக்குக் குறிப்பு எடுத்துவிட்டு, எந்தப் புகைப்படம் எந்த மரத்துக்கு என்று தெரியாமல் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒருநாளும் நடந்ததில்லை.

ஆனால் மரம்? லைடார் வகைப்பாட்டில் தாவரத்துக்கு மூன்று எண் உண்டு. 3 என்றால் தாழ்ந்த தாவரம், 4 நடுத்தரம், 5 உயரமானது. ஐந்து வருடத்தில் கோடிக்கணக்கான புள்ளிகளுக்கு 5 என்று கொடுத்திருக்கிறேன். அதில் எது ஓக், எது பைன், எது செத்துக்கொண்டிருந்தது, எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கம்பியிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதுதான் கேள்வி. போய்ப் பார்க்கவும் வழியில்லை, அது வேறு நாட்டில் இருக்கிறது. செய்த வேலையை வெளியில் காட்டவும் கூடாது. என் மூன்று கேள்விக்கும் இங்கே பதில் இல்லை என்பதுதான்.

இருந்தாலும் ஒரு நிலைமையில் கம்பெனிதான் சரி. வீட்டில் கடன் இருந்து, உன் சம்பளத்தை நம்பி இரண்டு பேர் இருந்தால், முதல் இரண்டு வருடம் கம்பெனிக்குப் போ. அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. மூன்றாவது வருடம் சம்பளம் ஏறிய பிறகு விட்டுவருவது கஷ்டம் என்பதை மட்டும் இப்போதே தெரிந்துகொள்.

ப்ராஜெக்ட்

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சித்திக்கு அதுதான் கவலை. மத்திய அரசு நிதி தரும் திட்டங்களில் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஆய்வாளர் ஆனால் 42,000. நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வு முடித்திருக்க வேண்டும். நான் சேர்ந்தபோது இது 31,000ஆக இருந்தது. கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர் வாங்குவதைவிட இது அதிகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிக்கல் தொகையில் இல்லை, தேதியில். நிதி வந்துசேரத் தாமதமானால் உதவித்தொகையும் நிற்கும். எனக்கு ஒருமுறை நாலு மாதம் வரவில்லை. ஐந்தாவது மாதம் மொத்தமாக வந்தது. அதுவரை கம்பெனிக் காலத்துச் சேமிப்பில்தான் வண்டி ஓடியது. பிஎஃப் கிடையாது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டும்.

அப்புறம் வேலை. இங்கேதான் நான் அதிகம் பேசினேன்.

சென்னையில் உட்கார்ந்து மரநோய் ஆய்வு செய்வதில் பெரிய வசதி, மரம் கிட்டத்தில் இருப்பது. மேகம்தான் நம் முதல் எதிரி. வேம்பு நுனிக்கருகல் மழைக்காலத்தில் கிளம்பி அதன் கடைசியில் மோசமாகும். நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சென்டினல்-2 அந்த மூன்று மாதமும் நமக்குத் தருவது பெரும்பாலும் வெள்ளைப் படம். சென்டினல்-1 ராடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். ஆனால் இலையின் நிறம் மாறியதை அது சொல்லாது. எங்காவது ஒருநாள் வானம் திறந்து நல்ல படம் கிடைத்தால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாளுக்குள் களத்தில் இருக்க வேண்டும். பிந்திப் போனால் படத்தில் இருந்த மரமும் நேரில் நிற்கிற மரமும் வேறு வேறு நிலையில் இருக்கும். மேடவாக்கத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் மரக்காணம். இந்த வசதி ஐதராபாத்திலோ டேராடூனிலோ உட்கார்ந்து நம் மரத்தைப் பார்க்கிறவர்களுக்கு இல்லை.

மரக்காணம், செய்யூர் பக்கம் போவது சவுக்குக்காக. சவுக்கில் பட்டைக் கொப்புள நோய் என்று ஒன்று உண்டு. அடிமரத்தில் பட்டை கொப்புளம்போல வீங்கும், வெடிக்கும். உள்ளே தொட்டால் விரலில் அடுப்புக்கரி மாதிரி கறுப்புத் தூள் ஒட்டும். அது பூஞ்சையின் வித்து. மேலே தழை காயத் தொடங்கும்போது நோய் பட்டைக்குள் வெகுநாளாக இருந்திருக்கும். சாட்டிலைட்டுக்குத் தெரிவது தழை. நோய் இருப்பது பட்டையில். போதாததற்குச் சவுக்கின் தழை மெலிது, ஒரு பிக்சலுக்குள் பத்து மரத்துக்கு மேல் அடங்கும். அதனால் இங்கே சாட்டிலைட்டை நான் நோயைக் காட்டு என்று கேட்பதில்லை. எந்தத் தோப்பு எப்போது நட்டது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தத் தோப்பில் போன மாதத்தைவிடப் பச்சை இறங்கியிருக்கிறது என்று கேட்கிறேன். பதிலை வைத்துக்கொண்டு எந்தத் தோப்புக்கு முதலில் போவது என்று முடிவு செய்கிறேன். விவசாயிக்கு உதவுவதும் இதுதான். மூன்று நாலு வருடத்தில் வெட்டப்போகிற மரம். இந்த வருடமே தெரிந்தால்தான் அவருக்குப் பயன்.

சந்தனம் இன்னும் கடினம். ஸ்பைக் நோய் 1899இல் குடகில் முதன்முதலாகப் பதிவானது. இலை வருடம் வருடம் சிறுத்து, கிளை நுனியில் முள் கொத்துப்போல விறைத்து நிற்கும். காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். பூஞ்சையைப்போலத் தட்டில் வளர்த்துப் பார்க்க முடியாது; பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்துதான் உறுதி செய்ய வேண்டும். சாறு உறிஞ்சும் பூச்சிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகும். மரத்தில் அறிகுறி தெரியாமலே நோய் இருக்கலாம். ஆக, படத்தில் நன்றாக இருக்கிறது என்று நான் பச்சை அடித்த மரம் நோயாளியாக இருக்கலாம். நோயியல் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது, பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் எங்கே சேர்ந்தாலும் இந்த மாதிரி ஓர் இடத்தோடு கை கோத்திருக்கிற திட்டமா என்று பார்க்க வேண்டும்.

களத்தில் சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஆளை ஆட்டும். தழைக்கு அடியில் நின்றால் போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் சுலபமாகத் தவறும். 10 மீட்டர் பிக்சலில் அது பக்கத்துப் பிக்சலாகிவிடும். வெட்டவெளிக்கு வந்து நின்று, அங்கிருந்து மரத்துக்கு எத்தனை அடி, எந்தத் திசை என்று குறிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதிக் கடிதம் வேண்டும், அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். டிரோனுக்கு 2021 விதிகள் உண்டு. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடம் பறக்கவிட எந்த நிறம், சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் கிட்டத்தில் இருப்பதால் தென்சென்னையில் நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது.

பெண்ணாக இருந்தால் இன்னும் சில. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராவது வேண்டும். கிராமத்தில் இறங்கியவுடன் தோப்புக்குள் நுழையாமல் வீடுகள் பக்கம் போய், அங்கே இருக்கிற பெண்களிடம் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு அந்த ஊரே நம்மைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் கொடுப்பார்கள், எந்த மரம் எப்போது கருகியது என்று தேதி சொல்லாவிட்டாலும் "ஆடிப் பெருக்குக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்வார்கள். அந்த ஒரு வரி ஆறு மாதப் படத்தைத் தேடுகிற வேலையை எனக்குக் குறைத்திருக்கிறது. எங்களோடு வருகிற இருளர் பெரியவர் ஒருவர், மரத்தை இருபது அடி தள்ளி நின்று பார்த்தே இது பூச்சி, இது ஆள் ஒடித்தது, இது நோய் என்று பிரிப்பார். நாங்கள் எடுத்துப்போன மாதிரிகளில் அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. இப்போது களக் குறிப்புப் படிவத்தில் அவர் சொன்னதற்கு ஒரு தனிப் பத்தி வைத்திருக்கிறேன்.

தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி உண்டு, வேம்பின் இளந்தளிரைக் குத்திச் சாறு உறிஞ்சும். அந்தத் தளிரும் கருகித்தான் போகும். அதுவும் பூஞ்சையும் ஒரே மரத்தில் சேர்ந்தும் இருக்கும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; கிளையை வெட்டி, பட்டையைச் சீவி, நோயியல் படித்தவர் பக்கத்தில் நின்று காட்டியபோது பார்த்தேன்.

வெளிநாடு

அங்கே போவதில் லாபம் என்ன என்று தங்கச்சி கேட்டபோது, காலம் என்றேன். அமெரிக்காவில் ஓரிகன், வாஷிங்டன் மாநிலக் காடுகளின் மேல் 1947 முதல் வருடாவருடம் விமானத்தில் பறந்து, எந்த மரம் எங்கே காய்கிறது என்று குறித்துவருகிறார்கள். அவ்வளவு நீளமான பதிவு கையில் இருந்தால் ஒரு நோய் எப்படி நடந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். நம் இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் வன நிலை அறிக்கை தருகிறது. பெரிய வேலை அது. ஆனால் அது சொல்வது காட்டின் பரப்பையும் அடர்த்தியையும். ஒரு நோயில் மரங்கள் மெலிவதை அதில் தேட முடியாது.

அங்கே நோயை யோசிக்கும் முறையையும் கற்றுக்கொள்ளலாம். 1990களின் நடுவில் கலிபோர்னியாவில் ஓக் மரங்கள் திடீரென்று சாகத் தொடங்கின. காரணமான ஃபைட்டாப்தோரா ரமோரம் 2001இல்தான் புது இனம் என்று பெயர் பெற்றது. அதைப் பரப்புவதில் பெரிய பங்கு ஓக்குக்கு இல்லை. அதே காட்டில் இருக்கிற பே லாரல் மரத்தின் இலையில் அது தங்கும், பெருகும், மழைச் சாரலில் தெறித்துப் பரவும். பே லாரல் சாவதில்லை. அதனால் நோய் அடுத்து எங்கே போகும் என்று தெரிய, செத்த ஓக்கை எண்ணிக்கொண்டிருந்தால் போதாது, பச்சையாக நிற்கிற பே லாரல் எங்கெங்கே இருக்கிறது என்று வரைய வேண்டும். இதைப் படித்த அன்று நான் சந்தனத்தை நினைத்தேன். சந்தனம் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டி வாழ்கிறது. எந்த மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற சந்தனத்தில் பூச்சி அதிகம் என்று நாம் வரைந்து பார்க்க வேண்டாமா?

கருவிகளும் அங்கே அதிகம். 2013இல் இத்தாலியின் தெற்கே புலியாவில் ஆலிவ் மரங்களில் சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. 2018இல் வந்த ஓர் ஆய்வு, விமானத்திலிருந்து ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் (ஒளியை மிக நுண்ணிய பல பட்டைகளாகப் பிரித்து அளப்பது), வெப்பக் கேமராக்களால் எடுத்த படத்தை வைத்து, கண்ணுக்கு அறிகுறி தெரியும் முன்பே நோயுற்ற மரங்களை 80 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்ல முடியும் என்று காட்டியது. அவர்களும் மரம் மரமாகப் போய்ச் சோதித்த பிறகுதான் அதைச் சொல்ல முடிந்தது. கேமராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

பணத்தில் ஒன்றை மட்டும் கவனி. முனைவர் பட்டத்துக்குப் பேராசிரியரின் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடி, கைக்கு உதவித்தொகை. கடன் வாங்கி மாஸ்டர்ஸ் போவது வேறு கதை; மரநோய்த் துறையில் சம்பாதித்து அந்தக் கடனை அடைப்பது எளிதில்லை. அங்கே வனத்துறை போன்ற கூட்டரசு வேலைகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். ஐந்து வருடம் அங்கே ஓக்கையும் பைனையும் படித்துவிட்டு, வேலைக்காக வேறு துறைக்கு மாறிய ஒருவர் எனக்குத் தெரிந்தவர்.

என் மூன்று கேள்வியில் இரண்டுக்கு அங்கே நல்ல பதில் இருக்கிறது: களம் உண்டு, நோயியல் ஆய்வகம் உண்டு. மூன்றாவதில்தான் எனக்குத் தயக்கம். பட்டம் முடிந்தால் அந்த மரங்களை விட்டு வந்துவிடுவோம். அதனால் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் இங்கே இருந்துவிட்டு, நம் மரத்தைப் பற்றி நீயே சேர்த்த தரவோடு போ என்கிறேன். அப்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவாய்.

தொண்டு நிறுவனங்கள், அரசுத் திட்டங்களில் ஒப்பந்த வேலை என்று இன்னும் சில வழிகளும் உண்டு. அவற்றில் மரம் நடுவதை வரைபடமாக்கும் வேலை நிறைய இருக்கிறது. நட்ட மரம் எந்த நோயில் போனது என்று கேட்கிற வேலை எனக்கு அதிகம் தென்படவில்லை.

அவள் என்ன செய்தாள்

தங்கச்சிக்குக் கல்விக் கடன் இல்லை. சித்தி தையல் கடை வைத்திருக்கிறார், இன்னும் சில வருடம் சமாளித்துவிடலாம் என்றார். அதனால் ப்ராஜெக்டுக்குப் போ என்று சொன்னேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் திட்டத் தலைவரிடம் நாலு விஷயம் கேட்கச் சொன்னேன். குழுவில் நோயியல் படித்தவர் யார்? களப் பயணத்துக்கு வருடத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறது? திட்டத்தில் இன்னும் எத்தனை வருடம் மீதி? களத் தரவை வைத்து எழுதும் கட்டுரையில் உன் பெயர் இருக்குமா? கேட்கக் கூச்சப்பட்டாள். இதைக் கேட்டதற்காக உன்னை வேண்டாம் என்று சொல்கிற இடம் உனக்கு வேண்டாம் என்றேன்.

போன வாரம் கேட்டுவிட்டு போன் பண்ணினாள். இரண்டரை வருடம் மீதி இருக்கிறதாம். பயணத்துக்குப் பணம் இருக்கிறது, பெயர் போடுவோம் என்றார்களாம். நோயியல் ஆள் மட்டும் சென்னையில் இல்லை. மாதிரி கோயம்புத்தூருக்குப் போக வேண்டும், முடிவு வர மூன்று வாரம் ஆகும். "இது போதுமா அக்கா?" என்றாள். பக்கத்தில் ஆள் இருப்பதுபோல ஆகாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அங்கே போய்ப் பத்து நாள் அவர்கள் ஆய்வகத்தில் உட்கார அனுமதி வாங்கிவிட்டால் சமாளிக்கலாம். அதையும் கேள் என்றேன்.

மாதிரி வழியில் கெடாமல் போக வேண்டும், அது முக்கியம். நல்ல பகுதியும் கருகிய பகுதியும் சேர்கிற இடத்தில் வெட்ட வேண்டும். முழுக்கச் செத்த குச்சியை அனுப்பினால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வேறு பூஞ்சைதான் வளரும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். பழுப்புக் காகித உறை ஒரு கட்டு வாங்கி, உறையின் மேல் பென்சிலால் மர எண், தேதி, ஊர் எழுதச் சொல்லியிருக்கிறேன். பேனா மை மழையில் கரையும்.